வடிகால்காரரின் குளம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. விஸ்மா பேருந்து ஏறிப் போன அன்று மழை பெய்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். இல்லை, முதல் பனி என்பார்கள் சிலர். நிறுத்தத்தில் நின்றிருந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன். அவள் கணவர் இல்கோனிஸிடம் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். என் காதில் விழுந்தது இதுதான்:

"உன் காஞ்ச நிலத்துல என்னிக்காவது அன்னம் வந்து எறங்கினா சொல்லி அனுப்பு. அப்ப வரேன்."

யாரோ சிரித்தார்கள். பசுமாடு பறக்கும்போது வருகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. இல்கோனிஸ் சிரிக்கவில்லை. தலைமைப் பொறியாளர் உத்தரவு சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படித் தலையை ஆட்டினார். கதவு மூடிக்கொண்டது. பேருந்து தலைநகர் ரீகா பக்கம் போயிற்று.

மிச்சமெல்லாம் பிற்பாடு அவர் சொன்னது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கோப்பைத் தேநீர் ஆறிப்போகும். அந்த இடைவெளிகளை நானாக நிரப்பியிருக்கலாம்.

இல்கோனிஸ் வடிகால்காரர். லுபானா ஏரியைச் சுற்றிய சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் சதுப்பு. கூட்டுப்பண்ணைக் காலத்தில் அதை வயலாக்க முடிவு செய்தார்கள். தோண்டும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்த இளைஞர்களில் அவரும் ஒருவர். நாற்பது வருடம் அதே வேலை. வளைந்து ஓடிய ஓடைகளை நிமிர்த்தினார். பூமிக்கடியில் சுடுமண் குழாய்களைப் பதித்து, சேற்றிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உருவி வாய்க்காலில் விட்டார். அவர் நிமிர்த்திய வாய்க்கால்கள் இன்றும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கிடக்கின்றன. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைக் கண்டால் அவருக்கு, சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்ட ஆளைப் பார்ப்பதுபோல் இருக்கும். கை துறுதுறுக்கும்.

விஸ்மாவையும் ஒரு சதுப்பின் ஓரத்தில்தான் பார்த்தார். அவள் பெற்றோரின் வீடு அது. இயந்திரக்காரர்களுக்கு அவள் பால் கொண்டுவந்து தந்தாள். இருபத்தொரு வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அன்று பின்னால் சதுப்பில் இரண்டு அன்னங்கள் கத்தியதாக அவள் பல முறை சொல்லியிருக்கிறாள். அவருக்கு இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் சதுப்பு இல்லை. அதற்கடுத்த கோடையில் கல்யாணம். இருவரும் குடியிருந்த அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் மட்டும் ஈரமாகவே தப்பித்தது. வடிகால் வரைபடம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே ஆல்டர் மரங்கள் தண்ணீரில் கால் வைத்து நின்றன. மே மாதம் மஞ்சள் பூக்கள் பள்ளம் முழுக்கப் பரவும். விஸ்மா ஒரு கொத்தைப் பறித்து ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மேஜைமேல் வைப்பாள். முப்பத்தைந்து வருடமாக இல்கோனிஸ் அந்தப் பள்ளத்தை முடிக்காமல் விட்ட வேலையாகவே பார்த்தார்.

ஓய்வு பெற்ற வருடம், மகள் டாக்னியாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. விஸ்மா மூன்று வாரம் ரீகாவுக்குப் போனாள். அந்த மூன்று வாரத்தில் அவர் அதை முடித்தார். மனைவிக்குப் பரிசு. மரங்களை வெட்டி வேரைப் பிடுங்கி, குழாய் பதித்து, மண்ணை வாரிச் சீவி, வீட்டின் பின்படியிலிருந்து வாய்க்கால் வரை கறுப்பு வெல்வெட் விரித்த மாதிரி ஒரு தோட்டம். அவள் வந்து படியில் நின்றாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கேட்டாள்: "தண்ணி எங்க?"

"போயிருச்சு," என்றார் பெருமையாக. "ஒரு சொட்டு விடாம எல்லாம் போயிருச்சு."

அவள் சண்டை போடவில்லை. இரண்டு வாரம் இருந்து, அவருக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, இருபத்து நான்கு பாட்டிலிலும் காகிதம் ஒட்டி எழுதி வைத்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இல்கோனிஸ் சமையலறை மேஜையில் கட்டம் போட்ட தாளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பனி உருகி மண் இளகியதும் பழைய நண்பர் ஒருவரிடம் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தார். கறுப்புத் தோட்டத்தின் முக்கால் பங்கைத் தோண்டினார். நாற்பத்திரண்டு மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் அகலம். நான்கு மூலையும் செங்கோணம். கரைகள் சரிவாக, வழவழப்பாக, கண்ணாடி மாதிரி. மீதி இருந்த துண்டில் உருளைக்கிழங்கு போட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லியோன்டீனேயின் வீடு. எழுபத்தாறு வயது, ஒரு பசு, ஒரு நாய், சில கோழிகள், வாய் மட்டும் ஓயாது. வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"என்ன பக்கத்து வீட்டுக்காரா, குளமா குழியா? ஊர் மொத்தத்தையும் ஒரே நாள்ல பொதைக்கலாம் போல இருக்கே."

"குளந்தான்."

"மீனுக்கா?"

வெகுநேரம் அவர் மண்வாரியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னத்துக்கு."

லியோன்டீனே பஸ் நிறுத்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்தாள். கேலி செய்ய வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

"விஸ்மாகிட்ட சொல்லிடாத," என்றார் அவர். "வந்து எறங்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

தொண்டை வரை வந்த செய்தியை வெளியே விடாமல் வைத்திருப்பது லியோன்டீனேக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் வைத்திருந்தாள்.

குளம் பனி உருகிய தண்ணீரில் நிறைந்தது. இல்கோனிஸ் கரையெங்கும் பார்லி தூவினார். கொக்கு வந்தது. காக்கை வந்தது. லியோன்டீனேயின் கோழிகள் வாய்க்கால் பலகையைக் கடந்து தினமும் வேலைக்குப் போவதுபோல் வரிசையாக வந்தன. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நிஜமாகவே இரண்டு அன்னங்கள் இறங்கின. வடக்கத்தி அன்னம்: மஞ்சள் அலகு, நேராக நிமிர்ந்த கழுத்து. பூங்காவில் ரொட்டி வாங்கித் தின்கிற ஜாதி இல்லை. மனிதன் தும்மினால் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். இல்கோனிஸ் நீராவிக் குளியலறையின் சின்ன ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். பெட்டை கரையில் ஏறப் பார்த்தது. வழுக்கியது. மறுபடி ஏறியது, வழுக்கியது. மூன்றாம் தடவையும் சறுக்கித் தண்ணீரில் விழுந்தபோது அதன் துணை ஒரே ஒரு முறை தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிற்று. காலையில் குளம் காலி.

அவர் கரையில் இறங்கி உட்கார்ந்து தன் வேலையைத் தடவிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் குற்றம் என்று புரிய அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்தக் கோடை முழுவதும் மண்வாரியோடு கரையைச் சிதைத்தார். வாழ்நாளில் முதல் முறையாகக் கோணலாக ஒரு வேலை. அது எளிதில் வரவில்லை. ஒரு பக்கத்தைக் கலைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கலைத்ததையும் அளவாகவே கலைத்திருப்பார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். அப்போதுதான் கரை, கரை மாதிரி ஆயிற்று.

சனிக்கிழமைகளில் மகள் தொலைபேசியில் கூப்பிடுவாள். குழந்தைகளின் பல், காய்ச்சல் எல்லாம் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பாள்.

"கோஸ் எத்தனை பாட்டில் இருக்கு?" என்பாள் விஸ்மா.

"ஒம்போது."

"புகைபோக்கி சுத்தம் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

பிறகு இருவரும் பேச மாட்டார்கள். வைக்கவும் மாட்டார்கள். ரீகாவில், ஐந்தாம் மாடியில், அவள் மூச்சுவிடுவது அவருக்குக் கேட்கும். அவருடைய சுவர்க் கடிகாரம் அவளுக்குக் கேட்கும். அவள் இருந்த பேட்டைக்குச் சதுப்பூர் என்றே பெயர். கான்கிரீட் பிளாக்குகளுக்கு நடுவே ஒரு குட்டை கிடையாது என்று ஒரு முறை சொன்னாள். அன்னத்தைப் பற்றி அவள் ஒருபோதும் கேட்டதில்லை. குளத்தைப் பற்றி அவரும் சொன்னதில்லை.

இலையுதிர் காலத்தில் லியோன்டீனே யோசனை சொன்னாள். "தனியா ஒரு குளம் கெடந்தா எதுவும் நம்பி எறங்காது. உள்ள ஒரு அன்னத்த விடு. அதப் பாத்து மத்தது வரும்."

"அன்னத்துக்கு எங்க போறது?"

"முத்தத்துல ஒண்ணு நிக்குதே."

முற்றத்தில் நின்றது டிராக்டர் டயர் அன்னம். பழைய டயரை வெட்டித் திருப்பி, கழுத்து செய்து, வெள்ளை அடித்து வீட்டுக்கு முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; ஊரில் பாதி வீட்டில் இருக்கும். திருமணத்தின் இருபத்தைந்தாம் வருடத்துக்கு இல்கோனிஸ் அதைத் தன் கையால் செய்தார். விஸ்மா அதன் முதுகில் மண் நிரப்பிப் பெட்டூனியாப் பூச்செடி வைத்தாள். அதை இப்போது மண்ணைக் கொட்டி, புதிதாக வெள்ளை அடித்து, அலகுக்கு மஞ்சள் தீட்டி, தெர்மாகோல் பலகைமேல் கட்டி, பனி உருகியதும் குளத்தில் விட்டார். காற்று வந்த பக்கம் அது கம்பீரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

மார்ச் கடைசியில் அன்னங்கள் ஜோடி ஜோடியாக வந்தன. தாழ்வாகப் பறந்து, கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்து, கூப்பிட்டன. டயர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வட்டம் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் போயிற்று. ஏழு ஜோடிகளை அவர் எண்ணினார்.

லியோன்டீனேயும் வேலியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "தப்பு என் பேர்லதான்," என்றாள். "ஏற்கெனவே ஆள் குடியிருக்குன்னு நெனச்சிருக்கும். ஆள் இருக்கற வீட்டுக்குள்ள யாராவது பொட்டியத் தூக்கிட்டு வருவாங்களா?"

அவர் போய் வாய்க்கால் கொக்கியை எடுத்துவந்து, டயரின் கழுத்தில் மாட்டிக் கரைக்கு இழுத்தார்.

அந்தக் கொக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு மீட்டர் நீளமான மரக் கழி, நுனியில் மூன்று இரும்பு விரல். வாய்க்காலில் அடைப்பு எடுக்கிற சாமான். வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்தது. இரும்பு அதேதான், கழியை மட்டும் ஐந்து முறை மாற்றியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஒரு நடை போய்வருவார். ஓய்வு பெற்ற பிறகும் போனார். விஸ்மா போன பிறகும் போனார். வீட்டுக்குக் கீழே, தோட்டத்துக் குழாய் வாய்க்காலில் வாய் திறக்கும் இடத்தில் ஒரு பீவர் குடும்பம் இருந்தது. அவை மரத்தைக் கொறித்துத் தள்ளி, சேறு பூசி, இரவெல்லாம் அணை கட்டும். காலையில் இல்கோனிஸ் கொக்கியை மாட்டி ஒரு இழுப்பு. தண்ணீர் சலசலவென்று ஓடும். அவர் திரும்பி வந்து காபி போடுவார்.

அந்த இரண்டாம் கோடையில் குளத்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு. ஆகஸ்டில் நடுவே ஒரு சேற்றுத் திட்டு முதுகைக் காட்டியது. வெயில் என்றார். காற்று என்றார். கிணற்றிலிருந்து இறைத்து விட்டார். கிணறு போதாமல் லியோன்டீனேயிடம் குழாய் கேட்டு அவள் கிணற்றிலிருந்தும் விட்டார். அக்டோபரில் ஒரு காலை, பசுவை அவிழ்க்க வந்த லியோன்டீனே அவர் அணையை இழுத்துப் பிரிப்பதைப் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"வாய் அடைச்சிருக்கு. தொறந்து விடறேன்."

"எந்தத் தண்ணிய?"

அவர் கையை நிறுத்தவில்லை. "வாய்க்கால் தண்ணிய."

"அது எங்கேர்ந்து வருது?"

"குழாய்லேர்ந்து."

"குழாய்க்கு எங்கேர்ந்து வருது? நேத்து ராத்திரி வரைக்கும் எங்கிணத்துல இருந்த தண்ணிப்பா அது. எனக்கு மொகம் தெரியாதா?" அவள் சிரிக்கவில்லை. "ஒரு கையால ஊத்தறே, ஒரு கையால தொறந்து விடறே. அந்தப் பீவரு பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லிட்டிருக்கும்னு நெனக்கிறே? 'நாம ரெண்டு பேருமே அந்தாளுக்குத்தான் வேல செய்யறோம், அவனுக்குத் தெரியல'ன்னு சொல்லும்."

இல்கோனிஸ் கொக்கியைப் பிடித்தபடியே நின்றார். ஒரு கிளை அதன் விரல்களில் சிக்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த வயலில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் குளத்துக்கு அடியில் தானே பதித்த குழாய் இருப்பதை அவர் மறக்கவில்லை. தினமும் காலையில் அந்தக் குழாயின் வாயைத் தன் கைதான் திறக்கிறது என்பதும் தெரியும். தெரிந்த இரண்டும் தலைக்குள் இரண்டு அறைகளில் இருந்தன. நடுவில் கதவு இருக்கவில்லை.

"அடைச்சா ஒன் புல்வெளியும் நனையும்," என்றார் கடைசியில்.

"நனையட்டும். பால்ல தண்ணி கலக்கறேன்னு இத்தன வருஷம் சொன்னாங்க. இனிமே நெஜமாவே கலந்திருக்கும்."

அவர் அந்தக் கிளையை விடுவித்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வைத்த பிறகு, ஒரு பிடி சேறு எடுத்து மேலே அப்பினார். கொக்கியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் இரண்டு ஆணிக்கு நடுவே தொங்கவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கால்கள் தாமாக எழுந்தன. கையில் ஒன்றும் இல்லாமல் வாசல் வரை போய்த் திரும்பின. அவர் விறகு பிளந்தார். அடுத்த நாள் உருளைக்கிழங்கு உரித்தார், எட்டுப் பேர் சாப்பிடும் அளவுக்கு. பத்துப் பதினைந்து நாளில் கைகள் மெல்ல மெல்ல அடங்கின. அப்போது ஒரு காலை, காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எதுவோ இல்லை என்று தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. கடிகாரம் ஓடுகிறது. அடுப்பு எரிகிறது. பிறகு புரிந்தது. கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றுபோயிருந்தது. பள்ளத்தை வடித்த நாளிலிருந்து இரவும் பகலும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. அதைத்தான் அவர் அமைதி என்று நினைத்திருக்கிறார். விஸ்மா அந்தக் கடைசி இரண்டு வாரமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் கோஸ் நறுக்கியிருப்பாள்.

தண்ணீர் வந்தது. வருவது தெரியாமல் வந்தது. குளத்தின் கோணல் கரையைத் தாண்டி, கிழங்கு வரிசைகளுக்குள் விரல் விரலாக நுழைந்து, வெட்டிப்போட்ட ஆல்டர் மரங்களின் அடிக்கட்டைகளை நனைத்து, லியோன்டீனேயின் வேலிக் கம்பத்தைத் தொட்டு நின்றது. நவம்பரில் அதன்மேல் மூடுபனி இறங்கியது. காலையில் பின்கதவைத் திறந்தால் படிக்கு அப்பால் ஒன்றும் இருக்காது. வெண்மையும், அதற்குள் எங்கோ ஒரு சொட்டும், அழுகிய இலையும் சேறும் கலந்த அந்தப் பழைய வாசனையும். விஸ்மாவின் கம்பளிக் கோட்டில் அந்த வாசனை இருந்ததாக அவருக்கு நினைவு. பிறகு எல்லாம் உறைந்தது. சனிக்கிழமைப் பகல்களில் குளியலறையின் மேல்பலகையில், சூட்டில் கண் சொக்கி உட்கார்ந்திருக்கும்போது, சின்ன ஜன்னல் வழியே பனிக்கட்டியைப் பார்ப்பார். வெளிச்சம் அதன்மேல் நடப்பது போலிருக்கும். ஒரு தடவை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் பால் தூக்கை ஆட்டிக்கொண்டு அதன்மேல் நடந்து வந்தாள். இயந்திரம் எதுவும் ஓடவில்லை. அவள் பின்னால் ஏதோ கத்தியது. அவருக்கு இந்த முறை கேட்டது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தபோது விழித்துக்கொண்டார்.

மூன்றாம் வசந்தம். மார்ச் இருபதோ இருபத்திரண்டோ. காலை. உரித்த பாதி உருளைக்கிழங்கு கையில். முதலில் குரல்தான் வந்தது, தொலைவில் யாரோ பழைய பித்தளை ஊதுகுழலைத் துடைத்து ஊதிப் பார்ப்பதுபோல். அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் போய்விடும் என்று பயம். சத்தம் கூரைக்கு மேலே வந்தது, சிறகு காற்றை அறுப்பது கேட்டது, தண்ணீர் நீளமாகக் கிழிந்தது. பிறகு நிசப்தம். ஜன்னலில் பார்த்தபோது இரண்டு அன்னங்கள். அவர் அளந்து தோண்டிய குளத்தில் இல்லை. அதிலிருந்து வழிந்து பரவிய ஆழமற்ற தண்ணீரில், முழுகிய கிழங்கு வரிசைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தன. பெட்டை கழுத்தை நீட்டிச் சேற்றைக் கிளறியது. ஒரு உருளைக்கிழங்கு வெளியே வந்தது. அதைத் தின்றது. அடுப்பிலிருந்த தண்ணீர் முழுக்கக் கொதித்து வற்றிப் பாத்திரம் கருகும் வரை அவர் அசையவில்லை.

அவர் விஸ்மாவைக் கூப்பிடவில்லை. நாளைக்குப் போய்விட்டால்? பொய் சொன்னவன் ஆவேன். ஆறு நாள் வீட்டுக்குள் காலுறையோடு நடந்தார். விறகு பிளக்கவில்லை. ஆறிய கஞ்சியும் கறுப்பு ரொட்டியும் தின்றார். லியோன்டீனே நாயைக் கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு, வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டி, புருவத்தை உயர்த்துவாள்: இன்னும் ரெண்டும் இருக்கா? அவர் இரண்டு விரலைக் காட்டுவார். ஆறாம் நாள் அவை கோரைப்புல்லை இழுத்து ஓர் அடிக்கட்டையைச் சுற்றிக் குவிக்கத் தொடங்கின.

ஏழாம் நாள் சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டார். தொலைபேசி அலறியது. தண்ணீரில் இரண்டு கழுத்துகளும் கம்பிபோல் நிமிர்ந்தன. அவர் பாய்ந்து எடுத்தார். அன்று டாக்னியா இல்லை, விஸ்மாவே கூப்பிட்டிருந்தாள்.

"கோஸ் தீந்திருக்குமே," என்றாள்.

"ம்," என்றார், மூச்சுக்குள்.

"ஏன் இப்படி மெதுவா பேசறே? ஒடம்பு சரியில்லையா? இல்கோனிஸ்? யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

இரண்டரை வருடமாகச் சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது எங்கே என்று தெரியவில்லை. ஜன்னலை ஒரு சாண் திறந்து, தொலைபேசியைப் பிடித்த கையை வெளியே நீட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை. காற்றுகூட இல்லை. கை வலித்தது. மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். வைத்துவிட்டிருப்பாள் என்று நினைத்தார். அப்போது ஆண் அன்னம் கழுத்தைத் தாழ்த்தி ஒரு முறை குரல் கொடுத்தது. பெட்டை பதில் சொன்னது. பிறகு இரண்டும் சேர்ந்து கொடுத்தன, மாற்றி மாற்றி, தண்ணீர் முழுவதும் அதிரும்படி.

அவர் தொலைபேசியைக் காதில் வைத்தார். அவள் மூச்சு கேட்டது.

"எத்தன?" என்றாள்.

"ரெண்டு."

"ஏரிலயா?"

"பின்படிலேர்ந்து முப்பது அடி."

அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கெழங்கு?"

"ரெண்டு வரிச தண்ணிக்குள்ள. அதுங்கதான் திங்குது."

மூக்கை உறிஞ்சினாளா சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "வியாழக்கெழம பஸ்ஸு இன்னும் வருதா?" என்று கேட்டாள்.

வந்தது. அவள் ஒரு பையோடும், கையில் ரப்பர் பூட்ஸோடும் இறங்கினாள். நிறுத்தத்தில் அன்றும் நாலைந்து பேர் இருந்தோம், யாரும் சிரிக்கவில்லை. இருவரும் பேசாமல் மண்பாதையில் நடந்தார்கள். வீட்டுக்குக் கீழே வாய்க்கால் பலகையில் அவள் நின்றாள். அன்னம் இருந்த பக்கம் திரும்பவில்லை, அணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளை, சேறு, அவற்றின்மேல் முளைத்திருந்த புல்.

"கொக்கி எங்க?"

"கொட்டகையில."

"துருப்பிடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சமையலறை ஜன்னலில் இருவரும் தோளோடு தோள் உரச நின்றார்கள். பெட்டை கூட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் முதல் மஞ்சள் பூ, எங்கிருந்து வேர் தப்பியதோ, ஒன்றே ஒன்று.

"அன்னம் வந்தாத்தான் வருவேன்னு நான் நெஜமாவே சொன்னேனா?"

"சொன்னே."

"கோவத்துல சொன்னது. நீ வந்து ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா அடுத்த பஸ்ஸுலயே வந்திருப்பேன், பைத்தியக்காரா."

அவர் யோசித்தார். கடிகாரம் ஓடியது. "கூப்பிட வரல எனக்கு," என்றார். "வெட்டத்தான் வந்துச்சு."

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அந்த வருடம் ஐந்து முட்டை, நான்கு குஞ்சு. ஒன்றை நரி தூக்கியது, மூன்று இலையுதிர் காலத்தில் பறந்தன. விஸ்மா உறைபனி வரை இருந்துவிட்டு, பேரக் குழந்தைகளைப் பார்க்க ரீகாவுக்குப் போனாள். மார்ச்சில் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். டயர் அன்னம் முற்றத்துக்குத் திரும்பியது. அதன் முதுகில் பெட்டூனியா இருக்கிறது. லியோன்டீனே நான்கு வருடம் கழித்துத் தூக்கத்தில் இறந்தாள். பசுவை அவள் தம்பி மகன் ஓட்டிப்போனான். அவள் புல்வெளி இப்போது பாதி தண்ணீர். டாக்னியா கோடைத் திருவிழாவுக்குக் குழந்தைகளோடு வந்துபோகிறாள். இல்கோனிஸ் ஏழாம் வருடம் பிப்ரவரியில் இறந்தார், அன்னங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால். விஸ்மா அந்த வருடம் முன்னதாகவே வந்தாள். பிறகு ரீகாவுக்குத் திரும்பிப் போகவில்லை. பீவர்கள் இருக்கின்றன. கொக்கி அதே இரண்டு ஆணிகளில் தொங்குகிறது.